சவரிதான் என்று சொன்னேன்

ஒரு மாசமாக இந்தப் பத்தியில் நான் இல்லை. கவனித்த சிலர் போன் செய்தார்கள். பாகூரிலிருந்து ஒருவர், "இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரே விஷயம்தான் வந்து நின்றது... அதை எழுத வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறு சவரிநாதனுக்கு முப்பதாம் நாள் பூசை. போய்விட்டு வந்த பிறகு, இதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அது நடிப்பு என்று பட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

சவரி எங்கள் தெருக்காரர். வில்லியனூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்ட சிப்பாய் வீட்டை இந்தப் பக்கம் 'சொல்தா வூடு' என்பார்கள். அப்பா வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு, சேதராப்பட்டு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் சவரி பிரான்சுக்குப் போனார். பாரீஸ் என்று நினைத்துத்தான் தெரு வழியனுப்பியது. அவர் போய்ச் சேர்ந்ததோ சுவிட்சர்லாந்து எல்லையில் ஒரு மலைக் கிராமம். ஹோட்டல் கிச்சனில் வேலை. குளிர்காலத்தில் கூடுதலாக, பனிச்சறுக்குப் போட்டி நடக்கிற இடத்திலும் வேலை.

அந்தப் போட்டிக்குப் பெயர் நார்டிக் கம்பைண்டு. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் பட்டதில்லை. நூறு வருஷத்துக்கு மேல் பழைய போட்டியாம். காலையில் ஒரு பெரிய மேட்டிலிருந்து, காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்கி வந்து காற்றில் பறக்க வேண்டும். மதியம் அதே ஆள் பத்து கிலோமீட்டர் பனியில் பலகையோடு ஓட வேண்டும். காலையில் நன்றாகப் பறந்தவர் முதலில் கிளம்புவார். மற்றவர்கள் எவ்வளவு குறைவாகப் பறந்தார்களோ அவ்வளவு நொடி தள்ளிக் கிளம்பி அவரைத் துரத்த வேண்டும். கோட்டை முதலில் தாண்டுகிறவருக்குத்தான் வெற்றி.

ஃப்ரிட்ஜுக்கு வெளியே பனியைப் பார்த்திராத வில்லியனூர்க்காரருக்கு இதில் என்ன வேலை? பறக்கிற மேட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு படிக்கட்டு இருக்கும். அதில் விழுகிற பனியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் தெருவுக்கு அதுதான் உலகக் கோப்பை. ஜனவரியில் சவரியின் மனைவி பிலோமினா வீட்டு ஹாலில் பாதித் தெரு கூடிவிடும். மகள் ஆக்னஸ் — ஒன்பதாவது படிக்கிறாள் — போட்டியைப் போனிலிருந்து டிவிக்கு மாற்றிக் கொடுப்பாள். நார்வேக்காரர் பறந்தால் என்ன, ஜெர்மன்காரர் விழுந்தால் என்ன? எங்கள் கண்ணெல்லாம் படிக்கட்டின் மேல்.

போன வருஷம் நாலு நொடி தெரிந்தார். ஆரஞ்சு ஜாக்கெட், முகத்தை மூடிய துணி, கறுப்புக் கண்ணாடி. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அதே வேஷம்தான். பிறகு எப்படிக் கண்டுபிடித்தோம்? படியில் கால் வைக்கும் முன் சிலுவை போட்டு விரலை முத்தமிட்டார். எங்கள் மாதா கோயில் தெரு ஆட்கள் பஸ் ஏறினாலும் அப்படித்தான், ஸ்கூட்டர் ஸ்டார்ட் பண்ணினாலும் அப்படித்தான். சாயங்காலம் அவரே போன் செய்து, "பாத்தீங்களா? நான்தான்" என்றார். அந்தத் தெருவில் எனக்கு வர்ணனையாளர் பதவி. போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு போனில் படித்துவிட்டு, பிறந்ததிலிருந்து பனியில் புரண்டவன் மாதிரி பேசுவேன். பத்தி எழுதுகிறவனுக்கு வருகிற வியாதி இது. தெரியாது என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது.

இந்த வருஷம் கதை வேறு.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் சவரிக்கும் பிலோமினாவுக்கும் போனில் சண்டை. அம்மாவும் மகளும் அங்கேயே வந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பிலோமினா இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலையை விட்டுவிட்டு அந்தக் குளிரில் போய் உட்கார முடியாது என்பது இவர் கட்சி. வார்த்தை தடித்து போன் கட்டாகிவிட்டது. அதற்கப்புறம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. இவர் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். முதலில் கோபம் என்றுதான் பிலோமினா நினைத்தார். பத்து நாள் தாண்டியதும் பயம் வந்துவிட்டது.

போட்டிக்கு முதல் நாள் என்னிடம் வந்தார்.

"அண்ணா, மனசே சரியில்ல. நம்ம பங்கு சாமியாருக்கு பிரான்சுல தெரிஞ்ச ஃபாதர் ஒருத்தர் இருக்காராம். அவருகிட்ட சொல்லி விசாரிக்கலாமான்னு பாக்கறேன்."

"ஹோட்டல் நம்பர் இல்லையா?"

"ஹோட்டல் பேரே தெரியாதுண்ணா. ஓட்டல், ஓட்டல்னுதான் சொல்லுவாரு. எனக்கு அவரு போனு ஒண்ணுதான்."

அப்போதே கிளம்பும்மா, நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாளைக்குத்தான் போட்டி இருக்கே. டிவியில பாத்துடலாம். ஆள் நின்னா தெரிஞ்சிடப் போவுது" என்றேன். என்ன ஒரு புத்திசாலித்தனம்.

மறுநாள் மதியம் இரண்டரைக்கு உட்கார்ந்தோம். இந்தத் தடவை தெருவைக் கூப்பிடவில்லை. பிலோமினா, ஆக்னஸ், நான், என் மனைவி. படிக்கட்டில் நாலைந்து ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் நடமாடின. ரொம்ப நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருவர் படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். சிலுவை போட்டார். விரலை முத்தமிட்டார். ஏறினார்.

பிலோமினா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணா... அவருதானே?"

ஆக்னஸ் குறுக்கே பேசினாள். "அப்பா மாதிரி இல்லம்மா. அப்பா நெத்தியில கொஞ்ச நேரம் கைய வச்சிட்டுதான் கீழ எறக்குவாரு. இவரு விசுக்குனு போடறாரு."

"குளிரும்மா. அங்க நிக்கறவங்க எல்லாத்தையும் வேகமாத்தான் செய்வாங்க" என்றேன். "சவரிதான். எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஒரு ஜாக்கெட்டை. அந்தம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு 'தெரியலையே' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "நல்லாத்தான் இருக்காரு" என்றார் பிலோமினா. "போன ஆஃப் பண்ணி வச்சிட்டு ஜம்முனு வேல பாத்துக்கினு இருக்காரு. நான்தான் இங்க செத்துக்கினு இருக்கேன். அவரே பேசட்டும்." டிவியை அணைத்துவிட்டார். ஓட்டப் பந்தயத்தை நாங்கள் பார்க்கவேயில்லை. சாமியாரிடமும் போகவில்லை. நானும், "கொஞ்ச நாள் விடும்மா, தானா வழிக்கு வருவாரு" என்று எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் விட்டார். அதற்கு மேல் தாங்காமல், யாரிடமும் சொல்லாமல் சாமியாரிடம் போய் நின்றார். பிரான்சிலிருந்த ஃபாதர் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார். வெறும் அரை நாள்.

சவரி ஆஸ்பத்திரியில் இருந்தார். சண்டை நடந்த மூன்றாம் நாளே நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலோடு சேர்த்திருக்கிறார்கள். போன் அதற்கு முன்பே ஈரப் பனியில் விழுந்து செத்துவிட்டது. ஹோட்டலில் எழுதிக் கொடுத்திருந்த நம்பர் பிலோமினா எப்போதோ தூக்கிப் போட்ட சிம்முடையது. புது நம்பர் அவருக்கு மனப்பாடமில்லை. உங்கள் மனைவியின் நம்பரை, போனைப் பார்க்காமல் இப்போது சொல்ல முடியுமா உங்களால்? நான் முயன்றேன். ஏழாவது எண்ணில் நின்றுவிட்டது.

போட்டி நடந்த அன்று அவர் கட்டிலில் இருந்தார். நினைவோடு இருந்தார். பேசினார். அதற்குப் பின்னும் எட்டு நாள் பேசிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்று தினமும் கேட்பாராம். நர்ஸ் சொன்னதாக ஃபாதர் சொன்னார். ஒன்பதாம் நாள் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். இவர்கள் போன் போட்டது பத்தாம் நாள்.

நர்ஸ் அவர் காதோரம் போனைப் பிடித்துக்கொண்டார். "நான் வந்துடறேங்க. வேலய வுட்டுட்டு அங்கயே வந்துடறேன். கேக்குதா?" என்று பிலோமினா திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் போய்விட்டார். அடக்கமும் அங்கேயே நடந்தது.

பிறகு அந்த வீடியோவை நான் மட்டும் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். படியேறிய அந்த ஆள், பத்து நொடி கழித்து, முகத் துணியை இறக்கி மூக்கைச் சிந்துகிறார். செம்பட்டைத் தாடி. அந்தப் பத்து நொடியும் நாங்கள் திரையைப் பார்க்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம், சிலுவை போடுவது என்ன எங்கள் தெருவுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா? எங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்ததே அந்த நாட்டிலிருந்துதான்.

பொய் சொல்வது தப்பு என்று நமக்குத் தெரியும். தெரியாததைத் தெரியும் என்று சொல்வதை மட்டும் நாம் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறுதல் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். 'ஒண்ணும் இருக்காது', 'எல்லாம் சரியாயிடும்', 'நான் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கார்'... சொன்னவனுக்கு அத்தோடு வேலை முடிந்தது. அதை நம்பி உட்கார்ந்துவிடுகிறவருக்கு?

ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்ததும் கோத்ததெல்லாம் அறுந்துவிட்டது. "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் வந்தது.

பிலோமினா காபியை என் கையில் கொடுத்தார். "நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க? நீங்க சொன்னதாலதான் அந்தப் பத்து நாளு நான் கொஞ்சம் தூங்குனேன்" என்றார். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே நன்றி மாதிரி இருந்தது.

ஆக்னஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

"அதுல எட்டு நாளு அப்பா முழிச்சிக்கினுதாம்மா இருந்தாரு."

பெரியவங்ககிட்ட என்ன பேச்சு என்று பிலோமினா அவளை அதட்டினார். அந்த வீட்டில் அதட்டு வாங்கியிருக்க வேண்டிய ஆள் நான்.