சந்திரமௌலி தயாரித்த கேரமல் காபி

சு. சந்திரமௌலி 1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி கோயம்புத்தூர் பீளமேட்டில் பிறந்தார். நூற்பாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நூலின் தடிமனை அளந்து ஓய்வு பெற்றார். மனைவி ரமா 2023ஆம் ஆண்டு காலமானார். ஒரே மகள் பார்கவி புனே விமான் நகரில் வசிக்கிறாள்; மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணி. 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, சந்திரமௌலி இரண்டு பெட்டிகளோடும் ஒரு பித்தளை காபி ஃபில்டரோடும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். திரும்பிப் போகும் தேதியும் வரும்போதே முடிவாகியிருந்தது: 2025 மே 31. ரயில் முன்பதிவு திறந்த நாளிலேயே அதற்கான சீட்டும் எடுக்கப்பட்டது.

சீட்டை ரத்து செய்வதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பீளமேட்டில் பால்காரர் முதல் பட்டறைக்காரர் வரை அவரை மௌலி என்றே அழைத்தார்கள். புனேயில் அவர் "பார்கவியின் அப்பா"வாக இருந்தார். கூரியர் வரும் நாட்களில் "ஃபிளாட் நம்பர் 402"ஆகவும் இருந்தார்.

"ஊருன்னு ஒண்ணு இருந்தா, பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளாச்சும் வேணும் கண்ணு. அது அமைஞ்சா இருக்கேன். அமையலைன்னா பீளமேட்டுக்குப் போயிர்றேன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

பார்கவி வாதாடவில்லை. வாதாடினால் அப்பா உறுதிப்படுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

குடியிருப்பின் வாசலருகே ஒரு குல்மோஹர் மரம். அதைச் சுற்றி சிமெண்டில் வட்டமாக ஓர் இருக்கை கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கட்டா என்று பெயர். காலையில் அங்கே பணி ஓய்வு பெற்ற பத்துப் பேர் கூடி, மராத்தியில் உலகத்தைச் சரிசெய்வார்கள். சந்திரமௌலி போன முதல் நாளே எழுந்து நின்று, ஆங்கிலத்தில் தம் முழுப்பெயரையும் ஊரையும் வகித்த பதவியையும் அறிவித்தார். பத்துத் தலைகளும் மரியாதையாக அசைந்தன. அதன் பிறகு இரண்டு மாதம் அவர் இருக்கையின் ஓரத்தில் அமர்ந்து, மற்றவர்கள் சிரித்து முடித்த மறுநொடி சிரித்துவந்தார்.

ஜனவரியில் ஒரு காலை, கட்டாவின் தலைவர் போல நடந்துகொள்ளும் ஷெல்கே, அரசுப் பேருந்துப் பணிமனையில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர், தம் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, "யா மாவுலி, பஸா" என்றார். வாருங்கள், உட்காருங்கள் என்று பொருள். இடையில் வந்த சொல்லுக்குச் சந்திரமௌலிக்குப் பொருள் தேவைப்படவில்லை. மராத்தி நாக்கு 'மௌ'வைக் கொஞ்சம் இழுக்கும்போலும் என்று எண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அன்று மாலை பார்கவி செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி வந்துவிட்டது.

"பேரைப் புடிச்சுட்டாங்க கண்ணு. அதுவும் முழுசா இல்ல, சுருக்கி. ஊர்ல கூப்பிடற மாதிரியே."

"என்னன்னு கூப்பிட்டாங்க?"

"மௌலின்னு. கொஞ்சம் இழுத்தாங்க."

பார்கவி ஒரு கணம் நின்றாள். பிறகு, "ரொம்ப நல்லதுங்ப்பா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

சீட்டு உடனே ரத்தாகவில்லை. சோதனை முடியுமுன் முடிவை எழுதும் வழக்கம் அவர் வேலை பார்த்த கூடத்தில் இல்லை.

மே மாதத்தில் சனிக்கிழமைதோறும் கட்டாக்காரர்களில் ஒருவர் மற்றவர்களை வீட்டுக்கு அழைப்பது வழக்கம். 17ஆம் தேதி சந்திரமௌலியின் முறை. என்ன வேண்டும் என்று அவர் தம்மிடமிருந்த இந்தி முழுவதையும் செலவிட்டுக் கேட்டார். ஷெல்கேயிடம் பதில் தயாராக இருந்தது. மாலில் பேரன் ஒரு பானம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். காபியும் ஐஸும் கேரமலும் சேர்த்து அரைத்தது. அதே மாதிரி வேண்டும். மதராஸிக்குக் காபி தெரியாமல் இருக்குமா?

"கோல்ட் காபி, மாவுலி. கேரமல்வாலி. ஆணி ஏக்தம் கார்!" என்று சொல்லி, விரல்களைக் குவித்து முத்தமிட்டார்.

கோல்ட் காபி புரிந்தது. கேரமல் புரிந்தது. ஆணி என்றால் அப்புறம், ஏக்தம் என்றால் ரொம்ப என்பதும் தெரிந்ததே. எஞ்சியது 'கார்' மட்டும். லிஃப்டில் நான்காம் மாடிக்கு வருவதற்குள் சந்திரமௌலி அதையும் தீர்த்துவிட்டார். காபி குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. பொறுப்புள்ள மனிதர் எவரும் ஒரே குணத்தை இரண்டு முறை கேட்கமாட்டார். ஆகவே 'கார்' என்பது வேறொரு குணம். அது காரம். காபியில் காரம் என்றால் சுக்கு. கோயம்புத்தூரில் பனிக்காலத்தில் தெருவுக்குத் தெரு விற்பதுதான். மராட்டியர்களுக்கு இந்த ரசனை இருப்பது அவருக்கு மகிழ்ச்சியளித்தது.

சோதனைகள் திங்கட்கிழமை தொடங்கின. பார்கவி அலுவலகத்தில் இருக்கும் நேரங்களில் நடந்தன. கேரமல் என்பது கருக விடாமல் கருக்கிய சர்க்கரை என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். முதல் முறை சர்க்கரை கருகியே விட்டது. வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவி தன் கடமையைச் செய்தது. இரண்டாம் முறை நிறம் சரியாக வந்தபோது குளிர்ந்த பாலை ஊற்றினார். பாகு அந்த நொடியே இறுகி, கரண்டியோடு சேர்ந்து ஒரே மிட்டாயாயிற்று. கரண்டியைப் பிடித்துத் தூக்கினால் வாணலியும் கூடவே வந்தது. மூன்றாம் முறை தண்ணீர் சேர்க்காமல், அடிகனமான பாத்திரத்தில், தீயைக் குறைத்து, கிளறாமல், பாத்திரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை உருகித் தேன் நிறமாகி, தேன் நிறம் முற்றிப் பழைய செப்புக்குடத்தின் நிறத்துக்கு வந்த கணத்தில் அடுப்பை அணைத்து, வெதுவெதுப்பான கிரீமைச் சிறிது சிறிதாக விட்டார். சீறிப் பொங்கி அடங்கியது. வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தபின் கரண்டியிலிருந்து பட்டுநூல்போல இறங்கியது. நூலைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு.

அடுத்து, ஐஸ். தண்ணீர் ஐஸைப் போட்டு அரைத்தால் காபி நீர்த்துவிடும். எனவே ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாக்‌ஷனையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தார். ஊற்றுமுன் சுக்கை இடித்து, நாலு மிளகும் தட்டிப் போட்டு, டிகாக்‌ஷனில் ஊறவிட்டு வடிகட்டினார். ஷெல்கே சொன்னது ஏக்தம் என்பதால் சுக்கின் அளவை இரட்டித்தார்.

சனிக்கிழமை மாலை பத்துப் பேரும் வந்தார்கள். பார்கவி முறுக்கும் பக்கர்வடியும் தட்டுகளில் வைத்தாள். டிகாக்‌ஷன் ஐஸ் அத்தனை பேருக்கும் போதாது என்பது கடைசி நேரத்தில் தெரிந்தது. கூடுதலாக ஒரு பை ஐஸ் வரவழைக்க நேர்ந்தது. மணி அடித்தபோது சந்திரமௌலி சமையலறையில் கேரமலைக் கிளறிக்கொண்டிருந்தார். கதவருகே இருந்தவர் ஷெல்கே.

"யா மாவுலி!" என்ற குரல் கேட்டது.

"இதோ வந்துட்டேனுங்க" என்று சந்திரமௌலி கரண்டியோடு கூடத்துக்கு வந்தார்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் ஹெல்மெட் அணிந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஐஸ் பையோடு நின்றார். ஷெல்கே அவரிடம், "பாணி ஹவ கா, மாவுலி?" என்று தண்ணீர் வேண்டுமா என விசாரித்துக்கொண்டிருந்தார். சோபாவிலிருந்து குல்கர்ணி, பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர், ஷெல்கேயைப் பார்த்து, "மாவுலி, கதவைச் சாத்துங்க, ஏசி ஓடுது" என்று மராத்தியில் சொன்னார். கையசைவிலிருந்தே பொருள் விளங்கியது.

சந்திரமௌலி சமையலறைக்குத் திரும்பினார்.

"கண்ணு, அந்த ஐஸ் கொண்டு வந்தவரு பேரு மௌலியா?"

பார்கவி டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்ப்பா."

"ஷெல்கே பேரு?"

"தத்தாத்ரேய்."

"அப்புறம் எல்லாருக்கும் எம் பேரை வெச்சா எப்படி?"

"அது உங்க பேரில்லீங்ப்பா. பண்டரிபுரத்துக்கு நடந்து போறவங்க ஒருத்தரையொருத்தர் அப்படித்தான் கூப்பிட்டுக்குவாங்க. ஷெல்கே வருசா வருசம் போறவரு. அவருக்கு எதுக்க வர்றவங்க எல்லாருமே மாவுலிதான். அம்மான்னு அர்த்தம்."

"அம்மாவா?"

"மரியாதைக்குச் சொல்றதுங்ப்பா."

சந்திரமௌலி கேரமலைப் பார்த்தார். அது நன்றாகவே இருந்தது.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"நீங்க ஜனவரியில வந்து சொன்னப்பவே."

"சொல்லலியே."

"சொல்லியிருந்தா அன்னிக்கே பொட்டி கட்டியிருப்பீங்க."

அவர் மிக்ஸியின் பெரிய ஜாரில் டிகாக்‌ஷன் ஐஸ், வரவழைத்த ஐஸ், குளிர்ந்த பால், கேரமல், வனிலா ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் இட்டு, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார்.

"முப்பத்தொண்ணாம் தேதி சீட்டு இருக்குதில்ல?" என்றார்.

"இருக்குங்ப்பா" என்றாள் பார்கவி.

மிக்ஸி ஓடியது. இரண்டு முறை சூடாகி நின்றது. இரண்டு முறையும் அதைச் சாய்த்து, அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தி ஓடவைத்தார். பதினொரு டம்ளர்களிலும் நுரை ததும்பியது. மேலே கேரமல் கோடு கோடாக இறங்கியது. பார்வைக்கு மாலில் விற்பதற்குச் சற்றும் குறையவில்லை.

முதல் மிடறு விழுங்கியவர் ஷெல்கே. விழுங்கியபின் சிறிது நேரம் அவர் அசையவில்லை. கண்கள் மட்டும் விரிந்தன. குல்கர்ணி இருமத் தொடங்கினார். ஒருவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"சுண்ட்?" என்றார் ஷெல்கே கடைசியில், தணிந்த குரலில்.

"சுக்கான்னு கேக்கறாரு" என்றாள் பார்கவி. பிறகு தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பா! இதுல எதுக்குங்ப்பா சுக்கு?"

"அவருதான கேட்டாரு."

"என்னன்னு கேட்டாரு?"

"கோல்டு காபி, ஏக்தம் கார்னாரு."

பார்கவி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா, மராத்தில 'கார்'னா ஜில்லுன்னு அர்த்தம்."

"ஜில்லுன்னு வேணும்கறதைத்தான் கோல்டுன்னு முதல்லயே சொல்லிட்டாரே. ஒண்ணையே ரெண்டு தடவை எதுக்குச் சொல்லோணும்?"

பார்கவி கேள்வியை அப்படியே மராத்தியில் கூடத்துக்கு முன் வைத்தாள். காரம் என்றால் தமிழில் என்ன என்பதையும் விளக்கினாள். கூடம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொண்டது. முதலில் சிரித்தவர் குல்கர்ணி; ஆனால் இருமல் பாதியில் மறித்தது. ஷெல்கே தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். சந்திரமௌலியும் சிரித்தார். ஆனால் இந்த முறை எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்தே சிரித்ததால், அவரது சிரிப்பு மற்றவர்களுடையதற்கு முன்பே முடிந்துவிட்டது.

குல்கர்ணி கண்களைத் துடைத்துக்கொண்டு மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், பிள்ளையார் சதுர்த்தியிலிருந்து அடைத்திருந்த மூக்கு திறந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினார். ஷெல்கேயும் நீட்டினார்.

மறுநாள், 18ஆம் தேதி காலை, சந்திரமௌலி கட்டாவுக்கு உட்காரப் போகவில்லை. மாத இறுதியில் ஊருக்குக் கிளம்புவதைச் சொல்லி விடைபெறப் போனார். அதற்கான இந்தி வாக்கியத்தை லிஃப்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டார். மரத்தை நெருங்குமுன்பே ஷெல்கேயின் குரல் எழுந்தது.

"யா சுண்டோபா!"

சந்திரமௌலி திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஒரு ஸ்கூட்டர் மட்டும் நின்றது.

"சுண்டோபா, பஸா!" என்றார் குல்கர்ணி, பக்கத்து இடத்தைத் தட்டி.

ஒத்திகை பார்த்த வாக்கியம் பயன்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் பார்கவியிடம் கேட்டார்.

"சுண்டோபான்னா யாரு?"

"சுண்ட்னா சுக்கு. 'ஓபா'ன்னு சாமி பேருக்குச் சேத்துவாங்க. விட்டோபா, கண்டோபா மாதிரி. சுக்கப்பன்னு வெச்சுக்கங்க."

"இதுவும் பண்டரிபுரம் போறவங்க எல்லாருக்கும் பொதுவா?"

"இல்லீங்ப்பா."

"ஐஸ் கொண்டு வர்றவரை அப்படிக் கூப்பிடுவாங்களா?"

"இந்த ஊருலயே அந்தப் பேருல ஒரே ஆளுதான். காலையில அங்க போயி உக்காந்துட்டு வந்தவரு."

சந்திரமௌலி அதை உடனே ஏற்கவில்லை. ஒரு முறை அவர் ஏமாந்தாயிற்று. ஆகவே அடுத்த ஒரு வாரம் கட்டாவில் யார் யாரை என்னவென்று அழைக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தார். காய்கறி வண்டிக்காரர், காவலாளி, தண்ணீர் லாரி ஓட்டுநர் எவரும் அவர் கணக்கிலிருந்து விடுபடவில்லை.

மே 26ஆம் தேதி ரயில் சீட்டு ரத்து செய்யப்பட்டது. கட்டாவில் அமர்வோர் பதினொருவர். அவர்களில் மாவுலி என்று அழைக்கப்படுவோர் பத்துப் பேர்.