பம்பருக்குக் கீழே வைத்த குழாய்

இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டுகிற எங்கள் காரின் ஏர் கிளீனர் அடியில் துருப்பிடித்து ஓட்டையாகி, அதிலிருந்த எண்ணெய் இன்ஜின் மேல் சொட்டத் தொடங்கியது அறுபதுகளின் ஆரம்பத்தில். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியிடம் வாங்கிய பழைய கார் அது. பச்சை நிறம். போத்தோங் பாசிரில், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே நாங்கள் குடியிருந்த பலகை வீட்டுக்கு முன்னால் அதை நிறுத்தினால், அக்கம்பக்கத்துச் சீனக் குடும்பங்கள் சிரிக்கும். வீட்டைவிடக் கார் நன்றாக இருந்தது.

நான் அப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றின் வடிகால் பிரிவில் வரைவாளன். எந்தக் கால்வாய் எவ்வளவு ஆழம், எந்தச் சாலை எங்கே தாழ்கிறது என்று நாள் முழுக்க நீல மையில் கோடு போடுவதுதான் வேலை. என் மனைவி தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி உறவுக்காரர்கள் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். கேட்டதைவிட அது அவளுக்கு அதிகமாக வலித்தது.

ஒரு சனிக்கிழமை இருவரும் ஜாலான் புசாரில் இருந்த உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். காரைப் பற்றி எது கேட்டாலும் முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அன்று என் மனைவிக்கும் ஒன்று போட்டார்.

மேசைமேல் மூன்று விதமான ஏர் கிளீனர்களை எடுத்து வைத்தார். ஒன்று, எங்கள் காரில் இருந்ததைப் போலவே அடியில் எண்ணெய் ஊற்றுகிற கனமான பாத்திரம். இரண்டாவது, மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்தது. அப்போதுதான் அதிகமாக வரத் தொடங்கியிருந்தது. மூன்றாவது, தட்டை வட்டமாகக் கம்பி வலை வைத்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. பந்தயக் கார் ஓட்டுகிற பையன்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார் பாய்.

"வலை வெச்சா வண்டி நல்லா இழுக்கும் தம்பி. ஆனா போனட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்தைத்தான் குடிக்கும். நம்ம ஊரு வெயில்ல அது பிரயோஜனமில்லை. வெளியிலேருந்து குளிர்ந்த காத்தைக் கொண்டு வர்ற மாதிரி ஒரு குழாய் போட்டு, அதோட முனையில இதை மாட்டணும்."

எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. அங்கேயே ஒரு காகிதத்தை வாங்கி வரையத் தொடங்கினேன். கார்புரேட்டரிலிருந்து குழாய் எப்படி இறங்கி, எங்கே வளைந்து, எங்கே முடிய வேண்டும் என்று. பாய் எட்டிப் பார்த்தார். ரேடியேட்டர் ஓரமாக, மேலே முடித்துவிடுங்கள் என்றார். மேலே ஹார்ன் இருந்தது. அதை நகர்த்த வேண்டும், தகடு வெட்ட வேண்டும். பம்பருக்குக் கீழே விட்டால் வளைவு குறைவு, காற்றும் இன்னும் குளிர்ச்சி. நான் கீழே வரைந்தேன்.

"கீழ விட்டா மழை பேஞ்சு ரோட்டுல தண்ணி நின்னா உள்ள போயிடாதா?" என்று கேட்டாள் என் மனைவி.

"தங்கச்சி சரியாத்தான் கேக்குது" என்றார் பாய்.

"எந்த ரோட்டுல தண்ணி நிக்கும்னு எனக்குத் தெரியாதா? அதைத்தானே தினமும் வரையுறேன்" என்றேன். மூவரும் சிரித்தோம். நான் சொன்னதில் ஒரு பெருமை இருந்தது. அதை இன்றைக்கும் என் காதாலேயே கேட்க முடிகிறது.

ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் தகர வேலை செய்யும் சீனர் ஒருவர் என் வரைபடத்தைப் பார்த்து, ஒரு தட்டுகூட அதிகமாகத் தட்டாமல் குழாயைச் செய்து கொடுத்தார். அதன் வாய் தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் முடிந்தது. மறுநாள் மண்டாய் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மேட்டில் முன்பெல்லாம் இரைத்துக்கொண்டு ஏறும் வண்டி அன்று கியர் மாற்றாமலே ஏறியது. "என்னங்க, இது நம்ம வண்டிதானா?" என்றாள் அவள். தலைமுடி முகத்தில் விழ, சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் நாங்கள் போகாத இடமில்லை. சாங்கி, பாசிர் பாஞ்சாங், பாலம் தாண்டி ஜொகூர். ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சந்தையில் கறியும் கீரையும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமலே கிளம்புவோம்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் அவள் கர்ப்பமானாள்.

யாரிடமும் நான்கு மாதம்வரை சொல்லவில்லை. சொன்ன பிறகு அவளுடைய அக்கா சிரம்பானிலிருந்து வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போனாள். அக்டோபரில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள், "மழைக் காலம் வரப்போவுது. அந்தக் குழாயை மேல தூக்கி வெச்சிடுங்க." சரி என்றேன். உண்மையாகவே செய்ய நினைத்தேன். ஒரு ஞாயிறு தொட்டிலுக்குக் கம்பு வாங்குவதிலேயே போனது. இன்னொரு ஞாயிறு கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தகரம் அடித்தேன். ஒரு ஞாயிறு எந்தக் காரணமும் இல்லை, படுத்துத் தூங்கினேன்.

டிசம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. கல்லாங் ஆறு ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வலி எடுத்துடுச்சுங்க" என்றாள். முகம் வெளுத்திருந்தது. பிரசவ நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டுச் சீனர் தன் தோட்டத்துக் காய்கறிகளை ஏற்றிப்போகும் லாரிக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, சந்தையில் பேசுகிற கொச்சை மலாயில், லாரி உயரமானது, அதில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார். லாரியின் பலகை இருக்கையை நினைத்துப் பார்த்தேன். காரில் அவளால் சாய்ந்து உட்கார முடியும். வேண்டாம், போய்விடுவோம் என்று சொல்லிவிட்டு அவளைக் காரில் ஏற்றினேன்.

சிராங்கூன் சாலையில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு தாழ்வு உண்டு. அதை நான் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அங்கே தண்ணீர் நின்றது, ஆனால் எனக்கு முன்னால் இரண்டு கார்கள் மெதுவாகக் கடந்து போயின. நானும் மெதுவாகவே இறங்கினேன். பாதி தூரத்தில் எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தது. அது தள்ளிய அலை பம்பரில் வந்து மோதியது. இன்ஜினுக்குள் சம்மட்டியால் ஒரே அடி அடித்ததைப் போல ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகிவிட்டு அசையவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. குழாய் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்துவிட்டது. கம்பி வலை எதைத் தடுக்கும்?

"என்ன ஆச்சு?" என்றாள்.

"தண்ணி பூந்திருச்சு" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை.

கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. அவள் கால்களை இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். புடவையில் ரத்தம் தெரிந்தது. நான் இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நின்று, போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினேன், ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு மலாய்க்காரர்களும் ஒரு பால்காரத் தமிழரும் சேர்ந்து தள்ளினார்கள். மேட்டுக்கு ஏற்ற முடியவில்லை. பால்காரர் எங்கள் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். அவர் போய்ச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் லாரியோடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அவளைத் தூக்கி முன்னிருக்கையில் வைத்தோம். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். தேக்கா பக்கத்திலிருந்த பிரசவ ஆஸ்பத்திரி வந்தபோது அந்தப் பிடி தளர்ந்திருந்தது.

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. நிறைய முடி இருந்தது.

ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். வயதான சீன டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிழைத்திருக்கும் என்றும் சொல்ல மாட்டேன், பிழைத்திருக்காது என்றும் சொல்ல மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். இரண்டில் எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, அவள் மயக்கம் தெளியாமல் படுத்திருந்தபோது, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் குழந்தையைப் பிடாடாரி இடுகாட்டில், இந்துக்களுக்கான பகுதியில் புதைத்தோம். மழை விட்டிருந்தது. குழி தோண்டியவர், ஏட்டில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார். பெயர் வைக்கவில்லை என்றேன்.

பட்டறையில் இன்ஜினைப் பிரித்தார்கள். பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராட் ஒன்று வில்லாக வளைந்திருந்தது. மெக்கானிக் அதை என் கையில் கொடுத்து, "இந்தக் குழாயை யாரு இப்படிக் கீழ வெச்சது?" என்றான். யாரோ, வாங்கும்போதே இருந்தது என்றேன். காரை அங்கேயே விற்றுவிட்டேன். ஜாலான் புசார் பாய் செய்தி கேட்டு, ஒரு கூடை பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "தங்கச்சியைப் பார்த்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கடைத் தெருவில் நான் நடக்கவில்லை.

அவளிடம் நான் சொல்லவில்லை. அந்த வெள்ளத்தில் யார் வண்டியாக இருந்தாலும் நின்றிருக்கும் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். இரண்டு கார்கள் எனக்கு முன்னால் கடந்து போனதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். சமைத்தாள், பரீட்சைத் தாள் திருத்தினாள். அவளாக எதுவும் பேசுவதில்லை. என்மேல் கோபம் என்று நினைத்து, அந்தக் கோபத்துக்குப் பயந்தே நானும் பேசாமல் இருந்தேன்.

அப்படிப் பத்து மாதம் போனது. ஒரு நாள் சாயங்காலம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள், "அன்னிக்கு எனக்குக் காலையிலயே வலி எடுத்துடுச்சு."

நான் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தேன்.

"லேசாத்தான் இருந்துச்சு. சமைச்சு முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டேன். காலையில தண்ணி இவ்வளவு ஏறலை. அப்பவே போயிருந்தா வண்டி நின்னிருக்காது. நான்தான் கொன்னுட்டேன். எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு தெரியலை."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை. என்னிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நான் சொன்னேன். குழாயை, பாய் சொன்னதை, அவளே இரண்டு தடவை சொன்னதை, வளைந்த ராடை, மெக்கானிக்கிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும். முன்னால் போன இரண்டு கார்களையும்.

"குழாய் ஞாபகம் எனக்கும் வந்துச்சு" என்றாள். "அதுனாலதானா இருக்கும்னு நெனச்சேன். அப்படின்னா நீங்க சொல்லியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

பிறகு, "பத்து மாசம் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுவாரம் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்கு ரயிலேறினாள். வழியனுப்பப் போனேன். திரும்பி வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை. நான் எழுதிய கடிதங்களுக்கு அக்காதான் பதில் போட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரி. இரண்டு மாதம் கழித்து, பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது, பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள், "அவளை எங்க வெச்சீங்கன்னு காட்டுங்க."

வீட்டிலிருந்து இடுகாடு நடக்கிற தூரம்தான். ஒரு வருஷத்தில் நான் ஒரு முறைகூடப் போகவில்லை. போய்ப் பார்த்தால் புல் முட்டிவரை வளர்ந்திருந்தது. ஒரு மரத்தின் பக்கம் என்று நினைவு. அந்த வரிசையில் நான்கு மரங்கள் இருந்தன. சின்னச் சின்ன மேடுகள், எதற்கும் கல் இல்லை. காவல்காரர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். பெயர் இல்லாததால் அவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் ஒவ்வொரு மரமாகப் போய் நின்றேன். காலடியால் அளந்தேன். இங்கே என்றேன், இல்லை அங்கே என்றேன். கடைசியில் முதல் மரத்துக்கே திரும்பி வந்து நின்றுவிட்டேன்.

அவள் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். ரயில் நிலையத்தில் பிரிந்த பிறகு, அதற்கு எத்தனையோ மாதம் முன்பிலிருந்தே, அவள் என்னைத் தொட்டதில்லை.

"போதும். இங்கதான்னு வெச்சுக்குவோம்" என்றாள்.

ஈரப் புல்லில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் அவள் சாயவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம்.