மத்தியான வெள்ளம்

கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் ஓர் ஓடைக்கரைப் பாறையோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் அந்த நேரத்தையும் உயரத்தையும் தானே பதிந்துகொள்ளும். ஓடை சும்மா கிடந்தால் அதுவும் நாள் முழுக்க வாயே திறக்காது. மழை கொட்டினால் விடாமல் பதிந்து தள்ளும். அந்தப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அட்டவணை போடுவது, தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அந்த அட்டவணையை வைத்துத்தான் ஓடையைத் தாண்டி ஊருக்குப் போகும் பாலத்தின் உயரத்தை முடிவு செய்வதாக இருந்தார்கள். பேளுக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்துக் காரவள்ளி ஆபீசுக்குப் போவேன்.

எங்கள் சாரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். அதிர்ந்து பேசமாட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் தன் ஜீப்பிலேயே கொண்டுவந்து வீட்டில் விடுவார். அதனால்தான் அவர்மேல் எனக்கிருக்கும் வெறுப்பைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. கீழே பெரிய ஆற்றங்கரையில் வேலை பார்த்துப் பழகியவர். அங்கே காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்று நீர்மட்டம் எடுப்பார்கள். வெள்ளம் வந்தால் நாள்கணக்கில் நிற்கும். மலை ஓடையையும் அதே கணக்கில் அடைக்கச் சொன்னார். ஆறு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் பதிவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பதிவே இல்லாத கட்டத்தை முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து நிரப்ப வேண்டும். மற்றதையெல்லாம் தள்ளிவிட வேண்டும்.

கொல்லிமலையில் மழை மத்தியானத்தில்தான் இறங்கும். ஓடை ஆள் உயரத்துக்கு வந்து, பொழுது சாய்வதற்குள் கணுக்காலுக்கு வடிந்துவிடும். நாம் தள்ளுவது அந்த வெள்ளத்தைத்தான் என்று பதிவுகளைக் காட்டிச் சொன்னேன். சிரித்தார்.

“அதெல்லாம் கொசுறு கண்ணு. கட்டம் ஒரே சீரா இருந்தாத்தான் மேல இருக்கறவங்க படிப்பாங்க.”

பெட்டி இருந்த நிலம் ஒரு மிளகுத் தோட்டக்காரருடையது. பாலத்துக்கு இடம் பார்க்கப் போன அன்று அவரும் சாரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார்: “மத்தியானத் தண்ணிய ஒருக்கா வந்து பாருங்க சார். ஆளையே இழுத்துட்டுப் போயிருமுங்க.”

“எல்லாம் மெசின்ல இருக்குதுங்க,” என்று சார் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். உண்மைதான், மெஷினில் இருந்தது. இவருடைய அட்டவணையில்தான் இல்லை.

பாலத்தை இடுப்பளவு உயரத்தில் கட்டினார்கள். அடுத்த ஐப்பசியில், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த தோட்டக்காரரின் மகளுக்கு வலி கண்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள், பாலத்துக்கு மேல் சுழித்துப் போகும் தண்ணீரைப் பார்த்தபடி மழையில் நின்றிருக்கிறார்கள். எதிர்க்கரையில் ஜீப் தயாராக நின்றது. தண்ணீர் வடிந்து அவர்கள் கடந்தபோது பிள்ளை போய்விட்டது. தாயை மட்டும் காப்பாற்றினார்கள்.

சந்தையில் தோட்டக்காரரே இதை என்னிடம் சொன்னார். மறுநாள் சார் ஆபீசுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவரிடம் சொன்னேன். முகம் வெளுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நொடி, இந்த மனிதர் அழப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

“எத்தன மணிக்கு கண்ணு?” என்றார்.

“மூணு மணி இருக்குமுங்க சார்.”

மெல்ல மூச்சு விட்டார். முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

“அப்ப நம்ம அட்டவணைல வராது,” என்றார்.