பரண்மேல் இருந்த பிரேக் ஆயில்

நடந்தவற்றை நடந்த வரிசையில் குறித்துவைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். யார் கல்யாணம் எந்த மாதம், எந்த மழைக்கு எந்தச் சுவர் விழுந்தது என்று சொந்தத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படிப்பட்ட நான், எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு காரியத்தின் முன்பின்னை இத்தனை வருடமாகத் தப்பாக எழுதிவைத்திருந்தேன். போன மாதம்தான் அது தெரிந்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் போகும் வழியில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி. அதை ஓட்டுவதும் அவரேதான். கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவார், மூன்றாம் நாள் திரும்பிவிடுவார். அவர் வீட்டில் இருக்கும் நாள்களுக்கெல்லாம் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டுவைப்பேன். என் குறிப்பெழுதும் புத்தி தொடங்கியது அந்த வட்டங்களில்தான்.

மாடிப்படிக்குக் கீழே பாட்டில்களும் டப்பாக்களும் வரிசையாக நிற்கும். எல்லாம் லாரியிலிருந்து இறங்கியவை. "வண்டிக்கு ஆவாதது ஊட்டுக்கு ஆவும்" என்பது அப்பாவின் கட்சி. கறுத்துப்போன என்ஜின் ஆயில் வேலிக் கம்பங்களின் அடியிலும், கதவு நிலையில் ஏறும் கரையானின் தலையிலும் விழும். தண்ணீர் கலந்துபோன டீசலில் நனைத்த துணி வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கும். பழைய கிரீஸ் கோழிக்கூட்டுத் தாழ்ப்பாளுக்கு. எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அது வீட்டு வாசனை.

ஒரு பாட்டில் மட்டும் அந்த வரிசையில் நிற்காது. லேசான மஞ்சள் நிறத்தில், தேன் மாதிரி இருக்கும் பிரேக் ஆயில். ஈரம் ஏறிவிட்டால் மறுபடி வண்டிக்கு ஊற்றக் கூடாதாம். அப்பாவுக்கு அதையும் கொட்ட மனம் வரவில்லை. சமையலறைப் பரண்மேல், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் அது தனியாக இருந்தது. ஏன் அங்கே என்று நான் கேட்டதில்லை.

அந்த வருடம் புரட்டாசியில் பெரியப்பா ஒரு யோசனையோடு வந்தார். அப்பாவின் அண்ணன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, இருவரும் கூட்டுச் சேர்ந்து வாங்கலாம், அப்பா அதோடு ஒடிசாப் பக்கம் போனால் எட்டு மாதம் வேலை இருக்கும், மழைக்காலத்துக்கு ஊர் திரும்பினால் போதும் என்றார். அதற்கு முட்டை லாரியை விற்க வேண்டும்.

"முட்டையச் சொமந்து என்னத்தடா கண்ட? ஒடைஞ்சா உனக்கு, ஒடையலைன்னா யேவாரிக்கு" என்றார் பெரியப்பா. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மிணி, நீ என்ன சொல்ற?" என்றார்.

"பெரியவங்க பாத்துச் செஞ்சாச் சரிதானுங்க மாமா" என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து. பெரியப்பாவுக்கு முன்னால் அவள் அதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அன்றைய ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

எனக்கோ ஒரே குதூகலம். என் வகுப்பில் ரிக்குக்காரர் மகள் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா வடக்கேயிருந்து கண்ணாடி பதித்த பாவாடை வாங்கி வந்திருந்தார். லாரியை விற்றால் ரிக், ரிக் வந்தால் பாவாடை. காலண்டரில் வட்டம் போடுகிற எனக்கே, எட்டு மாதத்துக்கு வட்டமே இருக்காது என்று எண்ணிப்பார்க்கத் தோன்றவில்லை.

லாரியைப் பார்க்க ஜலகண்டாபுரத்திலிருந்து ஓர் ஆள் வருவதாக ஏற்பாடு. ஐப்பசி, தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை. ஆவணியில்தான் எப்சி என்கிற வருடாந்தரத் தகுதிச் சான்றுக்காக வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், டிரைவர் பக்கக் கதவில் என் பெயரும் கைக்குழந்தையாக இருந்த தம்பியின் பெயரும், சுற்றிலும் ரோஜாப்பூ.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அம்மா முக்காலியைப் போட்டுப் பரணிலிருந்து அந்தப் பாட்டிலை இறக்கினாள். அப்பாவின் கிழிந்த பனியனில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் கொடுத்தாள்.

"நாளைக்கு வண்டி பாக்க வாராங்கல்ல சாமி? போயி அந்தக் கதவத் தொடச்சு உடு. பளபளன்னு இருக்கோணும்."

"நெத்தியும் தொடைக்கட்டுமா?"

"சாமி பேரு பக்கம் போவாத. கதவு மட்டும் போதும். அப்பாகிட்டச் சொல்லாத, காலைல பாக்கட்டும்."

குளிக்காமல் சாமி பெயரைத் தொடக் கூடாது என்றுதான் நான் அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன். படியில் ஏறி நின்று, என் பெயரையும் தம்பி பெயரையும் ரோஜாக்களையும் ஆசை தீரத் தேய்த்தேன். கதவு உண்மையிலேயே மின்னியது. உள்ளே வந்ததும் அம்மா சோப்புப் போட்டு மூன்று தரம் என் கைகளைக் கழுவிவிட்டாள். அவ்வளவு அழுத்தித் தேய்த்துக் கழுவும்படி என் கையில் என்ன அழுக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வந்தவர் வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. பெரியப்பாவும் கூட வந்திருந்தார். டயரைத் தட்டினார்கள், என்ஜினை ஓடவிட்டுக் கேட்டார்கள், அடியில் குனிந்து பார்த்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு டிரைவர் பக்கம் வந்தார்கள்.

கதவில் பெயிண்ட் காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி சுருங்கிக் கிடந்தது. என் பெயரில் பாதி எழுத்து கொப்புளம். தம்பி பெயர் ஏறக்குறைய வழிந்தே போயிருந்தது. வந்தவர் ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினார். தோல் மாதிரி உரிந்து வந்தது.

"ஏனுங்க, வண்டி எங்கியோ மோதியிருக்குமாட்ட இருக்குது. பட்டி வெச்சு மூடிப்போட்டீங்க."

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "மோதுன வண்டிங்களா? பதனோரு வருசமா முட்டை ஏத்தறனுங்க. முட்டை ஏத்தறவன் மோதுவானுங்களா?"

"எல்லாருந்தான் அப்பிடிச் சொல்றாங்க. கதவு சொல்லுதுங்களே. பரவால்லீங்க, அதுக்குத் தக்கன வெலயக் கொறச்சுக்கங்க, எடுத்துக்கறன்."

பேரம் என்றால் அப்படித்தான் இருக்கும். வேறொருவர் சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருப்பார். அப்பா அப்படிப்பட்டவர் அல்ல. அவருடைய வண்டியின் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவருக்குப் படிப்பு, பட்டம் எல்லாமே. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வண்டி விக்கறதுக்கில்லீங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் பொறப்படுங்க."

"டே தம்பி, அவசரப்படாதறா" என்றார் பெரியப்பா.

"இல்லீங்கண்ணா. நீங்க ரிக்குக்கு வேற கூட்டுப் பாத்துக்கங்க."

ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. பெரியப்பா குடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அப்பா கதவை முகர்ந்து பார்த்தார். உள்ளே வந்து சமையலறை மேடையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, கதவத் தொடச்சது யாரு?"

"நான்தானுங்கப்பா."

"பாட்டில எடுத்தது?"

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். சொல்லாதே என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. "அதுவும் நான்தான்" என்றேன்.

"எப்பிடி எட்டுச்சு?"

"முக்காலி போட்டு ஏறுனனுங்க."

அப்பா முக்காலியைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். என் உச்சந்தலையைப் பார்த்தார். முக்காலி மேல் நின்று கையை நீட்டினாலும் பரணுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் மிச்சம் இருக்கும். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான்.

பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும் என்பது எங்கள் வீட்டுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது என்று பிற்பாடு என் நோட்டில் எழுதிவைத்தேன். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்: "எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நல்லா இருக்கட்டும்னுதான் குடுத்தன்." நான் கல்லூரி படிக்கும்போது, எங்கள் பச்சை பீரோவின் கீல் பக்கம் ஒட்டியிருந்த கிளி ஸ்டிக்கர் விழுந்தது. உள்ளே கை அகலத்துக்குப் பெயிண்டே இல்லை, வெறும் இரும்பு. கீல் கத்துகிறதென்று அம்மா பிரேக் ஆயிலை விட்டதால் வந்தது, அதை மறைக்கத்தான் கிளி என்றார் அப்பா. அதையும் நோட்டில் சேர்த்தேன்: லாரிக் கதவுக்குப் பிறகு, மாதம் தெரியவில்லை.

போன மாதம் பழைய படங்களுக்கெல்லாம் பின்னால் பெயரும் மாதமும் எழுதிக்கொண்டிருந்தேன். தம்பியின் காதுகுத்துப் படம் ஒன்று கிடைத்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமன் மடியில் அழுகிறான். அவனுக்குப் பின்னால் பச்சை பீரோ. பீரோவின் கீல் பக்கத்தில், பளிச்சென்று, கிளி.

காதுகுத்து வைகாசியில். லாரிக்கதவு அதே வருடம் ஐப்பசியில். ஐந்து மாதம் முன்னாலேயே கிளி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "மொட்டையடிச்சும் எத்தனை அழகா இருக்கறான் பாரு."

"அவன உடும்மா. கிளியப் பாரு."

"கிளிக்கு என்ன?"

"இது வைகாசி. லாரி ஐப்பசி."

அம்மா படத்தை என் மடியில் போட்டாள். "இதையெல்லாமா எழுதி வெப்ப? அடுப்புல பால் வெச்சிருக்கறன்" என்று எழுந்து போனாள். அடுப்பு பற்றவைத்தே இருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா, படித்துக்கொண்டிருந்த பேப்பரை முகத்துக்கு இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

நோட்டில் திருத்திவிட்டேன். ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்த ஒன்றை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் விட்டுவைத்திருந்தேன். அதை இப்போது சேர்க்கிறேன். அப்பா அந்தப் பாட்டிலின் மூடியை இறுக்கி, முக்காலியில் ஏறி, அண்டாவுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே வைத்தார். முக்காலியின் ஒரு கால் ஆடும். அம்மா வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பாட்டிலை வைத்த பிறகும் அப்பா உடனே இறங்கவில்லை. நான் சமையலறை வாசற்படியில் நின்று, அடி விழாமல் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அங்கே தொங்கிய காலண்டரில் அன்றைய தேதிக்கு ஒரு வட்டம் போட்டேன்.