டக்கர் இனத்தின் அட்டைகள்

என் பெரியம்மா மகளை எங்கள் தெருப்பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவள் காஞ்சிபுரத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே ‘டக்கு’ என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அவளுடைய வலது காலில் தொடையிலிருந்து கணுக்கால்வரை இரண்டு இரும்புக் கம்பிகள் இருந்தன. அவற்றைக் காலோடு சேர்த்துக் கட்ட நான்கு தோல் வார்கள், அடியில் கனமான ஒரு பூட்ஸ். உட்கார வேண்டுமானால் முழங்காலருகே உள்ள வளையத்தை விரலால் தூக்கிவிட்டுக் காலை மடக்க வேண்டும். எழுந்து நின்றால் வளையம் தானாகக் கீழே இறங்கி ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அந்தக் காலைக் குச்சிபோல ஆக்கிவிட்டுப் போயிருந்தது. பெரியவர்கள் அவள் எதிரிலேயே அதைச் ‘செத்த கால்’ என்பார்கள். அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. நல்ல கால் எது, செத்த கால் எது என்று ஒரு அடையாளத்துக்குச் சொல்வதுதான்.

மாகறலில் அவள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிட்டது. மேலே படிக்க எங்கள் வீட்டில் தங்கினாள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. நான் அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். தெரியாதவர்கள் பார்த்தால் நான் தனியாகப் போவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமும்.

ஒரு சாயங்காலம் பிள்ளைகள் ஐந்தாறு பேர் அவள் பின்னாலேயே காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் எதிர்வீட்டுப் பையன். தறி போடுகிற குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். அக்கா சட்டென்று நின்று திரும்பினாள்.

“நா எங்கேர்ந்து வந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?”

“மாகறல்லேர்ந்து,” என்றான் அவன்.

“மாகறல்ல எறங்கினேன். வந்தது வேற எடம்.”

நிலாவில் ஆள் இறங்கிய செய்தி ரேடியோவில் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அதனால் ‘இறங்கினேன்’ என்ற சொல் எங்களை அப்படியே நிறுத்திவிட்டது. அவள் தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சூரியன் ரொம்ப தூரத்தில் இருக்கிற ஒரு உலகம். அங்கே வெறும் சதையோடு பிறந்தால் குளிரில் விறைத்துப் போய்விடும். அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் உடம்பில் ஏதாவது ஒரு பாகத்தை இயந்திரமாக வைத்துவிடுவார்கள். சிலருக்குக் கை, சிலருக்குக் காது, சிலருக்கு இருதயமே இயந்திரம். முழுச் சதையாகவே திரிகிற ஆளைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் உச்சுக்கொட்டிப் பரிதாபப்படுவார்கள். அந்த இனத்தாருக்கு டக்கர்கள் என்று பெயர்.

“நீங்கதான் டக்கு டக்குன்னு பாதி பேரச் சொல்லிக்கினு இருக்கீங்க,” என்றாள்.

மறுநாள் எதிர்வீட்டுப் பையன் எங்கள் வாசலில் வந்து நின்றான். தனக்கும் ஒரு பாகம் வேண்டுமாம்.

அப்பா சைக்கிள் கடை வைத்திருந்ததால் இயந்திரப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஒடிந்த ஸ்போக்குகளை விரல்களில் கட்டி அவனுக்கு ஒரு கை செய்தாள். துருப்பிடித்த பெல் மூடியை நூலில் கோத்து எனக்குக் காதாக மாட்டினாள். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டையும் உண்டு. தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும், துளைகளைப் பார்த்துத்தான் புடவையில் எங்கே மயில், எங்கே மாங்காய் என்று தறிக்குத் தெரியும். துளை தப்பாக விழுந்து ஒதுக்கிய அட்டைகளை அந்தப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். அதுதான் டக்கர்களின் ஞாபகம் என்றாள் அக்கா. ஒரு டக்கர் யார், எதற்குப் பயப்படுவான், எதைத் தேடி பூமிக்கு வந்தான் என்பதெல்லாம் துளையில் இருக்கிறதாம். அவள் அட்டையை விரலால் தடவிப் படிப்பாள். அப்புறம் சோழி உருட்டச் சொல்வாள். விழுகிற சோழியைப் பொறுத்து எங்களுக்கு அன்றைய வேலை கிடைக்கும்.

வருடத்தில் ஒரு நாள் ஓடிவிட்டு மற்ற நாளெல்லாம் தகரம் போர்த்தி நிற்கும் கோயில் தேர்தான் எங்கள் விண்கலம். அதன் சக்கரத்தடியில் உட்கார்ந்து எத்தனையோ கிரகங்களுக்குப் போய் வந்தோம். இரண்டு மாதத்தில் தெருவில் வெறும் சதையாக ஒரு பிள்ளையும் மிச்சமில்லை. நானும் பத்தடி முன்னால் நடப்பதை விட்டுவிட்டேன். அவளுக்குப் பக்கத்தில் பெல் மூடி ஆட ஆட நடந்தேன்.

ஐப்பசி மழையில் அவளுடைய முழங்காலுக்குக் கீழ் வார் ஊறி அறுந்துபோயிற்று. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஒரு மாதமாகும், பள்ளிக்கூடம் கெட்டுப்போகும். அப்பா தானே செய்வதாகச் சொன்னார். பழைய சைக்கிள் சீட்டின் தோலை வெட்டி, ஊறவைத்து, அளவெடுத்து, பித்தளை ரிவெட் ஆணி அடித்து, மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஒரு நாள் பூராவும் வேறு வேலையைத் தொடவில்லை. அவர் எந்த வேலையிலும் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தானே குனிந்து அவள் காலில் வாரைக் கட்டிவிட்டார்.

“நடந்து பாரும்மா. எங்கியாச்சும் குத்துதா?” என்றவர் அவள் பதில் சொல்வதற்குள் தானே சிரித்தார். “அந்தக் காலுக்கு இன்னா தெரியப்போவுது, பாவம்.”

அவள் கூடத்தில் இரண்டு சுற்று நடந்தாள். “ஜோரா இருக்குது சித்தப்பா,” என்றாள். அப்பாவின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அம்மா ஒரு பாயசமே வைத்துவிட்டாள்.

நாலைந்து நாள் கழித்து அக்கா தேரடியில் ஒரு புதுச் சட்டம் சொன்னாள். டக்கர்கள் வலியை வாயால் சொல்வதில்லை. அய்யோ அம்மா என்பதெல்லாம் வெறும் சதை மனிதர்களின் பழக்கம். டக்கருக்கு வலித்தால் அட்டையில் ஊசியால் ஒரு சின்னத் துளை போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. முட்டியில் அடிபட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு ஊசியைத் தேடி ஓடுவோம். எதிர்வீட்டுப் பையன் அவன் அப்பாவிடம் வாங்கிய அடிக்கு மூன்று துளை போட்டுக்கொண்டு வந்தான். எல்லோரையும்விட அதிகத் துளை உள்ளவர்தான் தலைவர் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

அவள் அட்டையில்தான் எப்போதும் அதிகம். தினமும் இரண்டு, மூன்று கூடிக்கொண்டே போகும். அவள் எங்கேயும் விழுந்து நான் பார்க்கவில்லை, யாரும் அவளை அடிக்கவும் இல்லை. ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். காலையில் அவள் கிணற்றடியில் ஒரு துணியை அலசிப் பிழிந்து வாருக்கு அடியில் மடித்து வைப்பதை இரண்டு முறை பார்த்தேன். என்னவென்று கேட்டதற்கு, “எண்ணெ போட்ருக்கேன், இல்லாட்டி கிறீச்சுங்குது,” என்றாள். எனக்கு அது சரியாகவே பட்டது. சைக்கிள் கடைக்காரர் மகளுக்கு எண்ணெயைப் பற்றிச் சந்தேகம் வருமா?

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அட்டையை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கடியில் உட்கார்ந்து அவளைத் தாண்டுகிறவரைக்கும் குத்தித் தள்ளினேன். சாயங்காலம் தேரடியில் அதை அவளிடம் பெருமையாக நீட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடி தடவினாள். முகம் மாறிவிட்டது.

“இவ்ளோ வலிச்சுதா? எங்கடி?”

யோசிக்க நேரமில்லை. “வயித்துல,” என்றேன்.

அவள் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தினாள். என் தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ‘டக்’ ‘டக்’கென்று வேகமாக நடந்தாள், மூச்சு வாங்கியது. அம்மாவிடம் போய், “சித்தி, இவளுக்கு நாலஞ்சு நாளா வயிறு வலிக்குதாம். வாயத் தொறக்காம இருந்துக்கினு இருக்கா. இன்னான்னு பாரு சித்தி,” என்றாள். சட்டம் போட்டவளே அதை மீறிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா ஓமத்தண்ணி காய்ச்சி எனக்குப் புகட்டினாள். அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். அவள் கை கொதித்தது. நான் பொய் சொன்னேன் என்பதை அன்று மட்டுமல்ல, பிறகும் அவளிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனையின்போது அவள் கீழே விழுந்தாள். டீச்சர் ஆள் அனுப்ப, அப்பா கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காய்ச்சல் நெருப்பாக இருந்தது. டாக்டர் வாரை அவிழ்த்ததும் அந்த அறையில் நிற்க முடியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாரின் உள்பக்கம் ரிவெட்டின் முனை மடங்காமல் நின்றிருக்கிறது, அது தினமும் ஒரே இடத்தில் அறுத்து எலும்புவரை போயிருக்கிறது.

டாக்டர் இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று அப்போதுதான் தோன்றியது. அவள் புத்தகப் பையிலிருந்து அட்டையை எடுத்து, “இதுல இருக்குது,” என்று கொடுத்தேன். டாக்டர் விளங்காமல் பார்த்தார். நான் விளக்கினேன். பெரிய துளை டக்கர் பிறந்தது, சின்னத் துளை வலித்தது. அம்மா அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஊசித்துளைகள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாக அவள் முகத்தில் விழுந்தது. அவள் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அது உணர்ச்சியில்லாத காலுங்களே...” என்றார் அப்பா.

“யார் சொன்னது? போலியோல அசைவுதான் போகும். வலியெல்லாம் நமக்கு இருக்கற மாதிரியே இருக்கும்,” என்றார் டாக்டர்.

அப்பா பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பசிக்கிறது என்று நினைத்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லையே.

அன்றே பட்டணத்துக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தாள். தொடைக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பெரியம்மா நேராக மாகறலுக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, பேசாமலே இருந்துவிட்டாள். அக்காவின் படிப்பு அதோடு நின்றது. தேரடியில் நாங்கள் இரண்டொரு நாள் ஆடிப் பார்த்தோம். அட்டையைப் படிக்க ஆளில்லை. எதிர்வீட்டுப் பையன் ஸ்போக்குகளைக் கழற்றி அப்பா கடையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டான்.

பொங்கல் கழித்து அவளைப் பார்க்கப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அப்பா நிறுத்தத்தில் இருந்த புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். “நீங்க போயிட்டு வாங்க, நா இங்கியே இருக்கறேன்,” என்றார். அம்மா வற்புறுத்தவில்லை. வெயிலில் நடக்கச் சோம்பல் என்று நான் முடிவு செய்தேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். பாவாடை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்து, “இனிமே உனுக்கு முழுசா இயந்திரக் காலு வெப்பாங்க இல்ல? எங்க யாருக்குமே அப்பிடி இல்ல,” என்றேன். பெரியம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அக்கா கொக்கியைத் தைத்து முடித்து நூலைக் கடித்தாள். அப்புறம், “சித்தப்பா வரலியா?” என்று கேட்டாள்.

“பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துக்கினு இருக்காரு.”

அவள் கட்டிலோரம் சாத்தியிருந்த கக்கத்துக் கட்டைகளை எடுத்தாள். இன்னும் பழகவில்லை, இரண்டு முறை சாயப்போனாள். அம்மா தடுத்தும் கேட்காமல் தெருக்கோடியில் இருந்த பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். நான் கூடப் போனேன். அவள் வருவதைப் பார்த்த அப்பா எழுந்திருக்கவும் இல்லை, உட்கார்ந்திருக்கவும் இல்லை, நடுவில் ஏதோ ஒரு நிலையில் நின்றார். அவள் வந்து கல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்ப வலியே இல்ல சித்தப்பா,” என்றாள் அவள். “அப்பவும் அவ்ளோ ஒண்ணும் வலிக்கல.”

அப்பா தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அவள் ஒரு கையால் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவர் முதுகில் வைத்தாள். தூரத்தில் காஞ்சிபுரம் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வலி இல்லை என்று நல்ல சேதிதானே சொன்னாள், அதற்குப் போய் நடுத்தெருவில் இவர் அழுவானேன் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.