பனமலை ஏரித் தண்ணீர் ஊற்றிய கார்

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் என் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது கோட்டையை அல்ல. செஞ்சியில் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். இவர் காட்டியது மண்டிக்குப் பின்னால் இருந்த கிடங்கையும், அதன் மூலையில் காலிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய காரையும். கிடங்கை வாங்கியபோது கூடவே வந்த கார். மேலே துணிக்கூரை, வேண்டும்போது மடக்கிக்கொள்ளலாம். அந்தத் துணியை எலிகள் தின்று பல வருஷமாகியிருந்தது. "எப்டி இருக்குது?" என்றார். குப்பை மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றேன். அந்த ஒரு பொய்க்கு ஒன்றரை வருஷம் உழைத்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. கடலை மண்டி நடத்திய என் மாமனாருக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை மண்டியில் உட்காராமல் ஸ்பானரும் கையுமாகத் திரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது தீர்த்துச் சொல்லிவிட்டார். "அடுத்த வருஷம் புதுக் கடல மண்டிக்கு வர்றதுக்குள்ள அது பனமலைக்குப் போய்ட்டு, விளக்கு வெக்கிறதுக்குள்ள திரும்பி வரணும். வந்துட்டா அது வண்டி, நீ ஒர்க் ஷாப்பு வெச்சுக்கோ. வரலன்னா அது இரும்பு. நீ மண்டில வந்து குந்து." பனமலைப் பக்கம் எங்களுக்குக் கடலைக் கொல்லை இருந்தது. மாட்டு வண்டியில் போனால் ஒரு பகல் போய்விடும்.

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம், விளக்கை வைத்துக்கொண்டு வேலை செய்யவும் மாட்டோம். விட்டில் வந்து விழும். ஆகவே பகல் வெளிச்சம் மட்டும்தான் எங்கள் கணக்கு. அதிலும் முதல் இரண்டு மாதம் எஞ்சினைத் தொடவே முடியவில்லை. காற்று போகும் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. குஞ்சுகள் பறந்து போகட்டும் என்று இவர் தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். பிரசவத்துக்குக் காத்திருக்கிறாரோ என்று நான் கிண்டல் செய்வேன்.

குளவிகள் போனபின் பார்த்தால், நான்கு பிஸ்டன்களும் துருவேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிளக் துளை வழியாக மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றி ஊறவைத்தோம். தினம் ஒரு தடவை ஹேண்டிலைப் போட்டுப் பார்ப்பார், அசையாது. பன்னிரண்டாம் நாள் உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது. ஹேண்டில் கால் சுற்று நகர்ந்தது. அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தேன் என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை.

மூட்டை தூக்கும் ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து காரின் உடம்பைத் தனியாகத் தூக்கி வைத்தார்கள். செங்கல்மேல் நின்ற சேஸிஸ் படுக்கவைத்த ஏணி மாதிரி இருந்தது. இவர் துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்பு பூசினார். வெள்ளையில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஊறி வந்தது. "இங்கதான் விரிசல்" என்றார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டும் கொல்லர் வந்து, அந்த இடத்தில் இரும்புத் தகடு வைத்துப் பழுக்கக் காய்ச்சிய ஆணிகளை அடித்தார்.

வால்வு தேய்ப்பது என் வேலை. பசையைத் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல உருட்டவேண்டும். கை ஓயும்போது வெறும் சேஸிஸ்மேல் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். முன்னால் ஸ்டீயரிங் மட்டும் இருக்கும். உடைந்த ஓட்டின் வழியே வெயில் இறங்கும், அதில் கடலைத் தூசி மிதக்கும். இவர் கீழே படுத்துக்கொண்டே, "இப்ப வல்லம் தாண்டிட்டோம்" என்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். காற்று அடிக்கும், வரப்புகள் ஓடும், என் முந்தானை பின்னால் பறக்கும். தாலி கட்டிய நாளில் அல்ல, அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்துதான் இவர்மேல் எனக்கு ஆசை வந்தது.

புதுக் கடலை வருவதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு பௌர்ணமியன்று, வெயில் ஏறும்போது கிளம்பினோம். கூரை இல்லை, ஹெட்லைட் மாட்டவில்லை. உண்மையிலேயே காற்று அடித்தது. நான் கற்பனை செய்ததைவிடப் புழுதி அதிகம், அவ்வளவுதான்.

வழியெல்லாம் நின்று நின்று போனதில் பனமலை ஏரிக்கரை சேரவே பிற்பகலாகிவிட்டது, அங்கே ரேடியேட்டர் ஆவி கக்கியது. குழாய் இணைப்பில் ஒழுகல். துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். நான் ஏரித் தண்ணீரை இரண்டாக மடித்த துணியில் வடிகட்டி ஊற்றினேன். எஞ்சினுக்கென்றாலும் வடிகட்டாத தண்ணீரைக் கொதிக்கவிட மாட்டோம். ஹேண்டிலை ஒரே சுற்று, எஞ்சின் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலக் கத்திவிட்டு ஏறிக்கொண்டோம்.

செஞ்சிக்கு அருகில் வந்துவிட்டோம். ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலே சூரியன் ஒரு பனைமர உயரத்தில் நின்றது. அப்போதுதான் மடி ஜில்லென்றது. வடிகட்டிய துணி. அதை அலசாமலே வந்திருக்கிறேன். துணியில் தங்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை, எந்தத் தண்ணீரில் எடுத்தோமோ அதே தண்ணீரில் அலசி விடவேண்டும். ஏரியென்றால் அதே ஏரியில். வேறு தண்ணீர் ஆகாது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், மறைப்பானேன். வாய் கேட்கவில்லை. துணியைத் தூக்கிக் காட்டினேன்.

இவர் வண்டியை நிறுத்தினார். "அலசலயா?"

"மறந்துட்டேங்க."

சூரியனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "போனா போவுது, தூக்கிப் போடு" என்று சொல்லமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போட்டிருப்பேன். பிறகு ஆயுசுக்கும் அவரை ஒரு மாற்றுக் குறைவாகப் பார்த்திருப்பேன்.

"காயவுடாத. கூஜால மிச்சமிருக்கிற ஏரித் தண்ணிய தெளிச்சிக்கினே வா" என்று மட்டும் சொல்லி, வண்டியைத் திருப்பினார்.

ஏரியில் துணியை அலசியபோது தண்ணீர் பொன்னாக இருந்தது. திரும்பும் வழியில் இருட்டி, நிலா எழுந்தது. திறந்த வண்டிக்குள் நிலவு நிரம்பிக் கிடந்தது. நெல் வாசனை வந்தது. எல்லாம் தோற்றுப்போனபின் அப்படியொரு அழகு எதற்கு என்று எனக்கு அழுகையாக வந்தது. இவர் என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

மண்டி வாசலில் மாமனார் நின்றிருந்தார். வீட்டில் விளக்கு வைத்து வெகுநேரமாகியிருந்தது.

"நேரமாயிடுச்சு, நைனா" என்றார் இவர். துணிப் பேச்சையே எடுக்கவில்லை.

அதுவரை மாமனார் எதிரில் நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. "என் தப்பு மாமா" என்று ஆரம்பித்துத் துணி விஷயம் முழுவதையும் சொன்னேன். ஊருக்கருகே வந்து திரும்பிப் போனதையும் சொன்னேன்.

அவர் காரின் முன்னால் வந்தார். குனிந்து சூடாக இருந்த எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அப்போ பனமலைக்கு ரெண்டு தடவ போயி வந்துருக்குது" என்றார். "நான் ஒரு தடவதானே கேட்டேன்."

என் கணவர் காரின் படியில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.