மிச்ச மாத்திரையும் ஒரு முயலும்

இந்த வாரம் நுவரெலியா வீதியில் கிடக்கும் பள்ளங்களைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மனதுக்குள் ஒரு முயல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதினால்தான் மற்றதெல்லாம் எழுத முடியும் போலிருக்கிறது.

கந்தப்பளையில் எங்கள் வீட்டுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் இருக்கிறார் சந்திரன். ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி புஷ்பா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மரக்கறிச் சந்தையிலிருந்து ஒரு முயல்குட்டியைச் சால்வைக்குள் பொத்தி எடுத்து வந்தார். டொலி என்று பெயர் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் வரும். கணவனிடம் இரண்டு வார்த்தை, மிச்ச நேரமெல்லாம் டொலியிடம்தான். "என்னைய விட அதுகிட்டத்தான் சேர் பேச்சு" என்று சந்திரன் சிரித்துக்கொண்டே சொல்வார்.

போன மாதம், மூட்டமாக இருந்த ஒரு காலையில் வந்து நின்றார்.

"சேர், டொலிக்கு மூக்கு ஒழுகுது. தும்மிக்கிட்டே இருக்கு. என்னங்க செய்யலாம்?"

என்னிடம் ஏன் கேட்டார்? பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இத்தனை வருஷமாக அந்த நம்பிக்கையை நானும் கெடுத்துக்கொள்ளவில்லை. 'தெரியாது' என்று தமிழில் ஒரு வார்த்தை இருக்கிறது... அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும் — பாதி முடிந்த மாத்திரை அட்டைகளைப் போட்டு வைக்கும் டின். பல் பிடுங்கியபோது எனக்குத் தந்த அமொக்சிசிலின் கெப்சூல் அட்டை அதில் கிடந்தது. முழுவதையும் முடிக்கச் சொல்லித்தான் தந்தார்கள். வலி நின்றதும் நானும் நிறுத்திவிட்டேன். யோசித்துப் பாருங்கள்: அந்த டின்னில் பாதி அட்டைகள், டொக்டர் பேச்சை நாம் கேட்கவில்லை என்பதற்குச் சாட்சி. அதைத்தான் சேமிப்பு மாதிரிப் பத்திரப்படுத்துகிறோம்.

"கெப்சூலைப் பிரிச்சு, கொஞ்சம் தண்ணியில கரைச்சு ஊத்துங்க" என்று அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "சின்ன உடம்புதானே, கொஞ்சம் போதும்."

எந்தக் கணக்கில் கொஞ்சம்? முயலின் நிறை எனக்குத் தெரியுமா? அந்த மருந்து முயலுக்கு ஆகுமா என்பதாவது தெரியுமா? எதுவும் தெரியாது. குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

அடுத்த முறை வந்தபோது சந்திரனின் முகம் சரியில்லை. "சேர், சாப்பிடவே மாட்டேங்குது. வயித்தாலயும் போகுது. மருந்த நிப்பாட்டிரவா?"

"நிப்பாட்டக்கூடாது. அன்டிபயோடிக் ஆரம்பிச்சா முடிக்கணும்."

தன் மருந்தை முடிக்காதவன் சொன்ன அறிவுரை.

மறுநாள் டொலி தலையைத் தூக்கவில்லை. சந்திரன் அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். "நுவரெலியாவுல மிருக டொக்டர்கிட்டக் கொண்டு போறேன் சேர். நீங்களும் வாங்களேன். வெளங்குற மாதிரி எடுத்துச் சொல்லுவீங்க." போனேன்.

டொக்டர் இளம் வயதுப் பெண். சிங்களவர், தமிழும் பேசினார். டொலியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறியது. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். சந்திரன் மிச்சக் கெப்சூலை எடுத்துக் காட்டினார்.

"ஐயோ... இத முயலுக்கு வாயால குடுக்கவே கூடாது" என்றார் டொக்டர். "வயித்துல இருக்கிற நல்ல கிருமி எல்லாம் செத்துப் போகும். கெட்டது வளந்து விஷமாகும். நாய்க்கு, பூனைக்கு நாங்க குடுக்கிறதுதான். அதுவும் நிறை பார்த்து, நோய் பார்த்துக் குடுக்கிறது. இத யாரு குடுக்கச் சொன்னது?"

சுவரில் விசர்நாய்த் தடுப்பூசி பற்றி ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. அதை நான் ஒரு எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"மம தமய், டொக்டர்" என்றார் சந்திரன், சிங்களத்தில். நான்தான் என்றார்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்ச ஆள் மாதிரி இருக்கு. இவருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

நான் தலையாட்டினேன். ஆமாம்... தலையாட்டினேன்.

ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். உடம்பைச் சூடாக வைத்திருக்கச் சொன்னார்கள். ஆட்டோவில் திரும்பி வரும்போது டொலி என் மடியில் இருந்தது. பாதி வழியில்தான் என்னால் கேட்க முடிந்தது.

"ஏன் சந்திரன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க பேப்பர்ல எழுதுறவங்க சேர். அந்த டொக்டர் புள்ளைக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்ல."

விடிவதற்குள் டொலி செத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. புஷ்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சிக்னல் இல்லை என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார் சந்திரன். நான் அவர் வீட்டுக்குப் போய் போனை வாங்கினேன். கொடுத்தது என் மருந்து, நிறுத்தாதே என்று சொன்னதும் நான்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா சேர்?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. இன்னொரு பொய்யா? "ஆமாம்மா" என்றேன்.

"அவருகிட்ட குடுங்க" என்றார்.

சனிக்கிழமை டொக்டரைப் போனில் பிடித்தேன். அன்றைக்கு நின்றிருந்த படித்த ஆள் நான்தான், கொடுக்கச் சொன்னதும் நான்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. மருந்து கொடுத்த பிறகு மிருகம் சாப்பாட்டை நிறுத்தினாலோ, வயிற்றால் போனாலோ, தொடர்வதா நிறுத்துவதா என்று வீட்டில் முடிவெடுக்காமல் உடனே டொக்டரைக் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"வேற யாருக்காவது இப்படிக் குடுத்திருக்கீங்களா?"

ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மேல் வீட்டு நாயின் காலில் புண். கடைக்காரர் வீட்டுப் பூனையின் கண். இன்னும் யார் யாரோ... கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலையே கிளம்பினேன். மேல் வீட்டு அக்கா மாத்திரை அட்டையைத் தர மனமில்லாமல் நின்றார். "நல்லாத்தானே கேட்டுச்சு சேர். புண்ணு ஆறினதும் நிப்பாட்டிட்டேன். மிச்சத்த அவசரத்துக்குன்னு வச்சிருக்கேன்."

ஏன் வேண்டாம் என்று சொல்ல, டொலியின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் போஸ்டரை வாசித்தது உட்பட. அப்புறம் அடுத்த வீடு. அங்கேயும் முதலிலிருந்து.

மாத்திரை கொடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆனதில்லை. திருப்பிக் கேட்கத்தான் ஒவ்வொரு வாசலிலும் அத்தனை நேரம் நிற்க வேண்டியிருந்தது.